பழைய அம்பாசடரின் ரேடியேட்டர்: சரி செய்வதா? மாற்றுவதா?

அம்பாசடர் காரைப் பார்க்காதவர்கள் நம் நாட்டில் குறைவு. மேற்கு வங்காளத்தில் உத்தரபாரா என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் இந்தக் கார் தயாரானது. 1950-களின் கடைசியில் தயாரிப்பு தொடங்கியது. 2014-ஆம் ஆண்டு மே மாதம் நின்றது. பழைய அம்பாசடர் கார்களைப் புதுப்பித்து ஓட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

புதுப்பிக்கும்போது பலர் வெளிப்புறத்தை மட்டும் கவனிக்கிறார்கள். புதிதாகப் பெயிண்ட் அடிக்கிறார்கள். சீட்டுக்கு உறை தைக்கிறார்கள். ரேடியேட்டரை மறந்துவிடுகிறார்கள். வண்டி பத்து மைல் ஓடியதும் ஆவி பறக்கிறது. என்ஜின் கெட்டுப் போகிறது. அவசரத்தில் மூடியைத் திறந்தவரின் கையும் முகமும் வெந்து போகின்றன.

காசும் வீணாகக் கூடாது. உடம்பும் புண்ணாகக் கூடாது. அதற்கு ரேடியேட்டரைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

ரேடியேட்டர் என்ன வேலை செய்கிறது?

என்ஜினுக்குள் பெட்ரோல் அல்லது டீசல் எரிகிறது. அதனால் மிகுந்த சூடு உண்டாகிறது. அந்தச் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. சூடான தண்ணீர் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டரின் மேல் தொட்டிக்கு வருகிறது. அங்கிருந்து மெல்லிய குழாய்கள் வழியாகக் கீழே இறங்குகிறது. குழாய்களைச் சுற்றி மெல்லிய தகடுகள் இருக்கின்றன. ஃபேன் இழுக்கும் காற்று அந்தத் தகடுகளின் ஊடே போகிறது. தண்ணீர் ஆறுகிறது. ஆறிய தண்ணீர் கீழ்த் தொட்டிக்கு வருகிறது. கீழ் ஹோஸ் வழியாக வாட்டர் பம்ப் அதை மீண்டும் என்ஜினுக்கு அனுப்புகிறது.

குழாய்களும் தகடுகளும் சேர்ந்த நடுப்பகுதியைக் கோர் என்பார்கள்.

சூடான டீயைத் தம்ளரில் ஊற்றி ஆற்றுகிறோம் அல்லவா? காற்றுப் பட்டால் சீக்கிரம் ஆறுகிறது. இங்கேயும் அதே கதைதான்.

மூடியில் இருக்கும் எண்

ரேடியேட்டர் மூடி சாதாரண மூடி இல்லை. அதில் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அது உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அழுத்தம் கூடினால் தண்ணீர் கொதிக்கும் சூடும் கூடும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி போட்டால் சுமார் 111 டிகிரியில்தான் கொதிக்கும்.

மூடியின் மேல் எண் போட்டிருக்கும். சிலவற்றில் 4 அல்லது 7 என்று இருக்கும். அது பவுண்டுக் கணக்கு. சிலவற்றில் 0.9 என்று இருக்கும். அது பார் என்ற கணக்கு. 0.9 பார் என்பது ஏறத்தாழ 13 பவுண்டு. உங்கள் வண்டிக்கு எந்த எண் என்று வண்டியின் புத்தகத்தில் பாருங்கள். அதே எண் உள்ள மூடியை வாங்குங்கள். எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். அதிக அழுத்தம் பழைய ரேடியேட்டரின் பற்றுகளைப் பிளந்துவிடும்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

வண்டி சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று குறையும். 100 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் ஒரு நொடியில் பொங்கும். அது ஆளின் முகத்தில் அடிக்கும். அதனால் வண்டி கொதித்தால் ஓரமாக நிறுத்துங்கள். என்ஜினை அணையுங்கள். குறைந்தது அரை மணி நேரம் காத்திருங்கள். மேல் ஹோஸைத் துணி வைத்துத் தொட்டுப் பாருங்கள். சூடும் விறைப்பும் போன பிறகே மூடியைத் தொடுங்கள். தடித்த துணியைப் போட்டு, முகத்தை விலக்கி, மெதுவாகத் திருப்புங்கள்.

கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். சூடான இரும்பு சட்டென்று குளிர்ந்தால் வெடிப்பு விடும்.

பட்டறையில் ஒரு பேச்சு

பழைய அம்பாசடர் ஒன்று பட்டறைக்கு வந்தது. அதன் சொந்தக்காரர் வயதானவர்.

"மேஸ்திரி, வண்டி அடிக்கடி கொதிக்குது. இந்த ரேடியேட்டரைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு ஒண்ணு மாட்டிடுங்க."

"அவசரப்படாதீங்க ஐயா. வண்டி கொதிக்கிறதுக்குப் பல காரணம் உண்டு. ரேடியேட்டர் அதுல ஒண்ணுதான். முதல்ல மத்ததைப் பார்த்துடலாம்."

மேஸ்திரி ஃபேன் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினார். சுமார் அரை அங்குலம் அமுங்க வேண்டும். அதற்கு மேல் தொளதொளவென்று இருந்தால் பம்பும் ஃபேனும் சரியாகச் சுற்றாது. பெல்ட் சரியாக இருந்தது. பிறகு ஹோஸ்களைப் பிசைந்து பார்த்தார். வெடிப்பு இல்லை. அடுத்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றினார். இது சூட்டுக்குத் தக்கபடி திறந்து மூடும் சிறிய கதவு. அதை நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டார். தண்ணீரைச் சூடாக்கினார். அதன் மேல் 82 என்ற எண் இருந்தது. ஏறத்தாழ 82 டிகிரி சூட்டில் அது திறக்கத் தொடங்கியது.

"இது நல்லா இருக்கு ஐயா. இதைத் திரும்ப மாட்டிடறேன். என்ஜினுக்குள்ள ஹெட் கேஸ்கெட் போயிருந்தாலும் வண்டி கொதிக்கும். அப்படின்னா ரேடியேட்டர் தண்ணியில விடாம குமிழி வரும். வெள்ளைப் புகை நிக்காம போகும். ஆயில் பால் மாதிரி மாறும். உங்க வண்டியில அது ஒண்ணும் இல்லை. கோளாறு ரேடியேட்டர்லதான். ஆனா இது செம்பும் பித்தளையும். சரி செய்ய முடியும்."

எப்படிச் சரி செய்கிறார்கள்?

பழைய கார்களின் ரேடியேட்டர் செம்பாலும் பித்தளையாலும் ஆனது. இணைப்புகளில் ஈயப்பற்று வைத்திருப்பார்கள். பற்று என்பது வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. அது செம்பை விட வெகு சீக்கிரம் உருகும். அதனால் செம்பு உருகாமலே ஓட்டையை அடைக்க முடிகிறது. இப்போது வரும் கார்கள் பலவற்றில் அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் தொட்டியும் இருக்கின்றன. அவற்றில் இந்த ஈயப்பற்று ஒட்டாது.

1. ஆறிய வண்டியில் தண்ணீரை வடிக்கிறார்கள். ஹோஸ்களைக் கழற்றி, ரேடியேட்டரை வெளியே எடுக்கிறார்கள்.

2. வாய்களை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்குகிறார்கள். உள்ளே கொஞ்சம் காற்று ஏற்றுகிறார்கள். குமிழி வரும் இடத்தில் ஓட்டை இருக்கிறது. அந்த இடத்தை ஆணியால் கீறி அடையாளம் வைக்கிறார்கள். மூடியில் உள்ள எண்ணுக்கு மேல் காற்று ஏற்றக் கூடாது.

3. அந்த இடத்தைச் செம்பு பளபளக்கும் வரை சுரண்டுகிறார்கள். அழுக்கு இருந்தால் பற்று ஒட்டாது. பிறகு திராவகம் தடவி, சூடாக்கி, பற்று வைக்கிறார்கள்.

4. ஆறியதும் திராவகம் போகக் கழுவுகிறார்கள். மீண்டும் தண்ணீரில் முக்கிச் சோதிக்கிறார்கள்.

5. கறுப்புப் பெயிண்டை மெல்லியதாக அடிக்கிறார்கள். தடிப்பாக அடித்தால் சூடு வெளியேறாது.

குழாய்களில் அடைப்பு இருந்தால் தொட்டியைப் பிரித்து எடுக்க வேண்டும். தட்டையான மெல்லிய கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டுத் துருவையும் உப்பையும் தள்ள வேண்டும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். உப்புத் தண்ணீர் ஊற்றினால் அதுதான் குழாய்க்குள்ளும் படிகிறது.

எப்போது மாற்ற வேண்டும்?

ஓட்டை ஒன்றிரண்டு என்றால் பற்று வைத்தால் போதும். கசியும் குழாய் ஒன்றிரண்டு என்றால் அதை இரண்டு பக்கமும் அடைத்துவிடலாம். ஆனால் அடைக்கும் ஒவ்வொரு குழாயும் குளிர்விக்கும் சக்தியைக் குறைக்கும்.

பல குழாய்கள் கசிந்தால், அல்லது தகடுகள் உதிர்ந்தால், கோரை மட்டும் மாற்றலாம். பழைய தொட்டிகளைப் புதுக் கோரில் பற்ற வைப்பார்கள். வண்டியின் பழைய தோற்றமும் மாறாது. தொட்டிகளும் அரித்துப் போயிருந்தால் முழுதாக மாற்றுவதே நல்லது. அளவும், ஹோஸ் வாய்களின் இடமும் பழையதைப் போலவே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சிலர் கசிவை நிறுத்த ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கொட்டுவார்கள். அது வீடு வந்து சேர உதவலாம். பிறகு குழாயை அடைத்துக்கொள்ளும்.

என்ன ஊற்றுவது?

உப்பு இல்லாத தண்ணீரும் கூலண்டும் கலந்து ஊற்றுவது நல்லது. கூலண்ட் துருவைத் தடுக்கும். சிம்லா, ஸ்ரீநகர் போன்ற குளிர் ஊர்களில் வெறும் தண்ணீர் உறைந்து விரியும். ரேடியேட்டர் பிளந்துவிடும். கூலண்ட் அதையும் தடுக்கும். எவ்வளவு கலக்க வேண்டும் என்று டப்பாவில் எழுதியிருக்கும். படித்துப் பாருங்கள்.

பல கூலண்ட்களில் எத்திலீன் கிளைக்கால் என்ற பொருள் இருக்கிறது. அது இனிக்கும். ஆனால் கொடிய விஷம். குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தரையிலும் சாக்கடையிலும் கொட்டாதீர்கள். நாயும் மாடும் குடித்தால் செத்துப் போகும்.

வேலை செய்பவரின் உடம்பு

காரீயம் மெல்ல மெல்ல உடம்பைக் கெடுக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். திராவகப் புகை கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். அதனால் காற்றோட்டமான இடத்தில் வேலை செய்ய வேண்டும். கண்ணாடி அணிய வேண்டும். பற்று வைக்கும் இடத்தில் டீ குடிக்கக் கூடாது. பீடி பிடிக்கக் கூடாது. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வேலைத் துணியோடு குழந்தையைத் தூக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அங்கே இருக்கக் கூடாது.

படித்தால் பணம் மிஞ்சும்

காரில் சூடு காட்டும் முள் இருக்கும். அங்கே ‘சி’ என்ற ஆங்கில எழுத்து குளிர்ச்சியைக் குறிக்கும். ‘எச்’ என்ற எழுத்து சூட்டைக் குறிக்கும். முள் ‘எச்’ பக்கம் போனால் வண்டியை நிறுத்துங்கள்.

பட்டறையில் பில் கேட்டு வாங்குங்கள். பற்று வைத்ததா, கோர் மாற்றியதா, புது ரேடியேட்டரா என்று அதில் எழுதச் சொல்லுங்கள். படித்துப் பார்த்துப் பணம் கொடுங்கள். கழற்றிய பழைய ரேடியேட்டரையும் கேட்டு வாங்குங்கள். செம்புக்கும் பித்தளைக்கும் பழைய சாமான் கடையில் நல்ல விலை உண்டு.

பயிற்சி

விடை எழுதுங்கள்:

1. சூடான ரேடியேட்டரின் மூடியை ஏன் திறக்கக் கூடாது?

2. வண்டி கொதிக்க ரேடியேட்டர் தவிர வேறு என்ன காரணங்கள் இருக்கலாம்? இரண்டு எழுதுங்கள்.

3. கோரை மட்டும் எப்போது மாற்றலாம்?

கணக்குப் போடுங்கள்:

ஒரு வண்டிக்கு மொத்தம் 8 லிட்டர் வேண்டும். பாதி கூலண்ட், பாதி தண்ணீர். கூலண்ட் எத்தனை லிட்டர்? தண்ணீர் எத்தனை லிட்டர்?

கூடிப் பேசுங்கள்:

உங்கள் ஊர்ப் பட்டறைகளில் வேலை செய்பவர்கள் கண்ணாடி அணிகிறார்களா? சாப்பிடும் முன் கை கழுவச் சோப்பு இருக்கிறதா? இல்லை என்றால் என்ன செய்யலாம்?