செண்பகத்தோப்புக்குப் போகிறீர்களா?

திருவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது செண்பகத்தோப்பு. சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988இல் சரணாலயமாகி, 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்த காடு. எல்லா நாளும் உள்ளே விடுவார்கள் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம். வனத்துறையிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

அணிலைப் பார்க்க விடிந்ததும் போவதே நல்லது. உச்சி வெயிலில் அது கிளையோடு கிளையாகப் படுத்துவிடும். தரையைப் பார்த்து நடந்தால் கண்ணில் படாது. புளி, மா மரங்களின் உச்சியில் இலையும் சுள்ளியுமாகக் கூடு தெரிந்தால் அங்கேயே பேசாமல் நில்லுங்கள். உடம்பு இலைகளில் மறைந்திருக்கும். நரைத்த நீள வால்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

தீப்பெட்டி, பீடி, மீந்த பட்டாசு எதுவும் பையில் வேண்டாம். (சிவகாசிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது!) கோடையில் காய்ந்த புல் பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும். பால்கோவாவைத் திரும்பும்போது வாங்குங்கள். குரங்குகள் பையைப் பிடுங்கும்.

ஓடையில் இறங்குமுன் மலை உச்சியைப் பாருங்கள். அங்கே கருத்திருந்தால், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலடித்தாலும் உடனே கரையேறுங்கள். இதே மலைத்தொடரில் கோயில் உள்ள சதுரகிரியின் ஓடையில் 2015 மே மாதம் வந்த திடீர் வெள்ளம் பக்தர்களின் உயிரைப் பறித்தது.