மூட்டை மாற்றுவதற்கு முன் தொடையைத் தேற்றுங்கள்

முழங்கால் வலிக்கு எக்ஸ்ரே எடுத்த கையோடு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குத் தேதி கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சை எடுத்தாலே பயந்து, தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குள் முடங்கிவிடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டுக்கும் நடுவே செய்ய வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. நான் பள்ளியில் நின்றே பாடம் நடத்தியவள். ஐம்பதைத் தாண்டியதும் இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் வந்தது. இப்போது அறுபது கடந்தும் சொந்த மூட்டோடு மாடி ஏறி இறங்குகிறேன். எனக்குப் பயன்பட்டவற்றையும் தெரிந்துகொண்டவற்றையும் முக்கியத்துவ வரிசைப்படி சொல்கிறேன்.

எக்ஸ்ரே மட்டும் முடிவு செய்யக் கூடாது

தேய்மானத்தைப் பூஜ்யம் முதல் நான்கு வரை நிலை பிரித்துச் சொல்வார்கள். 1957 முதல் இருக்கும் அளவுகோல் இது. மூன்றாம் நிலை என்றதும் இடிந்துபோக வேண்டாம். படத்தில் மோசமாகத் தெரியும் மூட்டு அவ்வளவாக வலிக்காமல் இருக்கலாம்; லேசான தேய்மானமே உயிரை வாங்கலாம். மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: தேய்ந்தது மூட்டின் உள்பக்கம் மட்டுமா, முழுவதுமா? கால் வளைந்திருக்கிறதா? எந்தச் சிகிச்சை பொருந்தும் என்பது பெரும்பாலும் இந்தப் பதில்களில்தான் இருக்கிறது.

தொடைத் தசைதான் முதல் மருந்து

வலிக்கிறதே என்று காலை அசைக்காமல் வைத்தால் தொடையின் முன்தசை மெலியும். பிறகு உடம்பின் பாரமெல்லாம் மூட்டின் மேலேயே இறங்கும். "அம்மா, ஜவ்வை நம்மால வளர்க்க முடியாது, தசையை வளர்க்கலாம்" என்றார் எனக்குப் பயிற்சி தந்த பிசியோதெரபிஸ்ட். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டேன்.

நான் இன்றும் செய்பவை:

- காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, ஐந்து விநாடி அழுத்திப் பிடிப்பது. ஒரு காலுக்குப் பத்து முறை.
- மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கிக்கொண்டு, மற்றதை நேராக ஓர் அடி உயரம் தூக்கி மெதுவாக இறக்குவது.
- ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது. இடுப்புத் தசை பலப்பட்டால் நடையில் தள்ளாட்டம் குறையும்.
- கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. தொடக்கத்தில் உயரமான நாற்காலி நல்லது.

செய்யும்போது லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாளும் வலி அதிகமாகவே இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். பலன் தெரிய இரண்டு, மூன்று மாதம் ஆகும். பெரும்பாலோர் அதற்குள் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

டென்மார்க்கில் மூட்டு மாற்றுக்குத் தகுதியான 100 பேரை இரு குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2015இல் வெளியானது. உடற்பயிற்சி, உணவு ஆலோசனை, மாத்திரை போன்றவற்றோடு மட்டும் தொடங்கிய 50 பேரில் 13 பேர்தான் ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சைக்குப் போனார்கள். அறுவை சிகிச்சையும் செய்துகொண்ட மற்றக் குழுவினருக்கே வலி அதிகம் குறைந்தது. கடுமையான பக்கவிளைவுகளும் அவர்களுக்கே அதிகம். இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள்.

ஒரு கிலோ குறைந்தால் நான்கு கிலோ

உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முழங்காலில் ஏறும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று அமெரிக்க ஆய்வு ஒன்று 2005இல் கணக்கிட்டது. நான் இரவுச் சோற்றை விட்டேன். சுண்டல், முட்டை, காய்கறியைக் கூட்டினேன். பட்டினி வேண்டாம், அதில் தசையும் கரையும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில் பிடியுங்கள். மாடி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். சம்மணம், குத்துக்கால், தரையில் அரிவாள்மனை மூன்றையும் குறையுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட்டும் பக்கத்தில் ஒரு கைப்பிடியும் பெரிய நிம்மதி. வலி மாத்திரையைத் தினமும் விழுங்கினால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். முதலில் டைக்ளோஃபெனாக் ஜெல் தடவிப் பாருங்கள்.

ஊசிகளை அளந்து நம்புங்கள்

ஸ்டீராய்டு ஊசி வீக்கமும் வலியும் உச்சத்தில் இருக்கும்போது சில வாரங்களுக்கு உதவும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு ஆண்டு போட்டவர்களுக்கு, உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட ஜவ்வு அதிகம் தேய்ந்ததையும், வலியில் வித்தியாசம் இல்லாததையும் 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் ரத்தத்தையே எடுத்துப் பிரித்துப் போடும் பிஆர்பி ஊசிக்குப் பெரும் தொகை கேட்கிறார்கள். 2021இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் அதுவும் உப்புநீர் ஊசியைவிட மேலாக இல்லை. தேய்மானத்துக்காக மட்டும் துளையிட்டு மூட்டைக் கழுவும் சிகிச்சையும் பலன் தருவதில்லை என்பது 2002லேயே தெரிந்துவிட்டது. அந்தப் பணத்தில் நல்ல பிசியோதெரபிஸ்ட்டிடம் பல மாதம் போகலாம்.

முழு மூட்டுக்குக் குறைவான அறுவை சிகிச்சைகள்

வயது குறைவாக, கால் வளைந்து, உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் கீழ்க்கால் எலும்பை வெட்டி நேராக்கி, பாரத்தை நல்ல பக்கத்துக்கு மாற்றலாம். தேய்ந்த பாதியை மட்டும் மாற்றும் பகுதி மூட்டு மாற்றும் உண்டு. அறுவை சிகிச்சை தாங்காத உடம்பு என்றால், வலி நரம்பை வெப்பத்தால் மரக்கச் செய்யும் முறை சில மாதங்களுக்கு உதவலாம். இவை எல்லா மருத்துவமனையிலும் நடப்பதில்லை, கேட்டால்தான் சொல்வார்கள்.

அறுவை சிகிச்சையே சரி என்னும் நேரம்

இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, வீட்டுக்குள் நடப்பதே கஷ்டம், பல மாதப் பயிற்சிக்கும் பலனில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள். செயற்கை மூட்டுக்கு மத்திய அரசு 2017இல் விலை வரம்பு வைத்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் விசாரியுங்கள். அதுவரை செய்த பயிற்சி வீணாகாது. புது மூட்டை நடத்துவதும் அதே தொடைத் தசைதான். அதனால் எந்த முடிவுக்குப் போவதாக இருந்தாலும், இன்று மாலையே அந்தத் துண்டைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வையுங்கள்.