இரண்டு ரூபாய்த் தாளில் ஒரு செயற்கைக்கோள்

திருவையாறு

அன்புப் பேத்திக்கு,

தாத்தா எழுதுவது. குறுவை அறுப்பு முடிந்து சம்பா வேலை தொடங்கிவிட்டது. கடிதத்தோடு பழைய இரண்டு ரூபாய்த் தாள் ஒன்று வைத்திருக்கிறேன். திருப்பிப் பார். பட்டை தீட்டிய கல்போல ஒன்று தெரியும். அதுதான் ஆரியபட்டா, நம் நாட்டின் முதல் செயற்கைக்கோள்.

360 கிலோ எடை, 26 முகங்கள். பெங்களூரு பீன்யாவில், விஞ்ஞானி யு.ஆர். ராவ் தலைமையில், கொட்டகைகளில் உருவானது. 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் ராக்கெட் ஏற்றிச் சென்றது. நான்கே நாளில் மின்சாரம் பழுதாகி ஆய்வுகள் நின்றுபோயின.

நான்கு நாளுக்கா இத்தனை பாடு என்று கேட்பாய். விண்வெளியின் சூட்டையும் குளிரையும் தாங்கும் பெட்டியைச் செய்யவும், தரையிலிருந்து அதோடு பேசவும் கற்றுக்கொண்டோமே! நாற்றங்காலில் போய் நெல் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

கற்றதைக் கைவிடவும் கூடாது. பிரிட்டனைப் பார். 1971 அக்டோபர் 28 அன்று, ஆஸ்திரேலியாவின் வூமெராவிலிருந்து, 66 கிலோ எடையுள்ள பிராஸ்பெரோ என்ற சோதனைக் கோளைச் சொந்த ராக்கெட்டிலேயே ஏவியது. அப்படிச் செய்த ஆறாவது நாடு அது. ஆனால் அந்த ராக்கெட் திட்டத்தைக் கைவிடுவதென்று அரசு முன்பே முடிவெடுத்திருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான். நாம் விடவில்லை. 1980 ஜூலை 18 அன்று, ராமேசுவரத்து அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி-3 ராக்கெட், ரோகிணி செயற்கைக்கோளை மேலே கொண்டுபோனது. ஏழாவது நாடானோம்.

இனி நம் வயலுக்கு வருகிறேன். சம்பாப் பயிர் வளர்வது ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். மேகம் மூடினால் செயற்கைக்கோளின் சாதாரணக் கேமராவுக்கு வயல் தெரியாது. ரேடார் அலையோ மேகத்தைத் துளைத்து வரும். இருட்டும் அதற்குத் தடையில்லை. 2012 ஏப்ரல் 26 அன்று இஸ்ரோ ஏவிய ரிசாட்-1 அத்தகைய ரேடார் கொண்ட செயற்கைக்கோள். தண்ணீர் கட்டிய நடவு வயல், கண்ணாடிபோல அலையை வேறு பக்கம் தெறிக்கவிடும். படத்தில் கறுப்பாக விழும். பயிர் தூர்கட்டி எழ எழ, அலை தாளிலும் தண்ணீரிலும் பட்டு மேலேயே திரும்பும். படம் வெளுத்துக்கொண்டே வரும். அந்த மாற்றத்தை வைத்தே எங்கே, எப்போது நட்டார்கள் என்று கணிக்கிறார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகம் ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் படங்களைக் கொண்டு நெல் பரப்பைக் கணக்கிடுகிறது. பயிர்க் காப்பீட்டுக்கும் அது உதவுகிறது.

அடுத்த வாரம் நமக்கு நடவு. வயலில் தண்ணீர் கட்டியாயிற்று. அன்றைக்கு மேலே ரேடார் கோள் போனால், நம் வயல் அதற்குக் கறுப்பாகத் தெரியும்.

அன்புடன்,
தாத்தா