பலகைச் சுவரில் ஈரக்கறை

தெல்லிப்பழைக் கமக்காரர் கவனத்திற்கு: மாரிமழை ஓய்ந்ததும், மாசியிற் புதுநெல் வந்து சேருமுன், விதைநெல் வைக்கும் கொட்டிலின் பலகைகளைச் சோதித்தல் வேண்டும்.

கருங்கறையின் மீது வெளிற்றுந் திரவம் ஒரு துளி விடுக. சில நிமிடங்களில் வெளுத்தால் அது பூஞ்சணம்; வெளுக்காவிடின் அழுக்கு அல்லது ஆணித்துருவின் கறை. கத்தி நுனி எளிதில் இறங்கும் பலகை உக்கியது, அதனை மாற்றுக.

முதலிற் கூரை ஒழுக்கை அடைக்க. ஒழுக்கு நிற்காமற் கறை நீங்காது. பின்னர் ஒரு பங்கு திரவத்தைப் பத்துப் பங்கு நீரிற் கலந்து, தூரிகையால் தேய்த்து, நன்னீராற் கழுவி, நன்கு காயவிடுக. கதவைத் திறந்து வைத்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடி, கையுறை அணிந்தே இதனைச் செய்க. வேறு மருந்து எதனையும் இத்திரவத்துடன் கலத்தலாகாது.

நெல் மூடைகளைச் சுவரிற் படாது பரண்மீது அடுக்குக. ஈரப்பலகையிற் பட்ட விதைநெல் பூஞ்சணம் பிடித்து முளைப்புத்திறன் இழக்கும். அடுத்த காலபோக விதைப்பு அதனாற் கெடும்.