இரு பெரும் பல்கலைக்கழகங்கள்

இங்கிலாந்தின் தலைநகராகிய இலண்டனுக்கு வடமேற்கே, தேம்ஸ் ஆற்றின் கரையில், ஆக்ஸ்போர்டு என்னும் நகரம் உள்ளது. இலண்டனுக்கு வடக்கே, கேம் என்னும் சிற்றாற்றின் கரையில், கேம்பிரிட்ஜ் என்னும் நகரம் உள்ளது. இரண்டும் தலைநகரிலிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில், 90 கிலோமீட்டர் அளவில், அமைந்தவை. முன்னதன் பெயருக்கு எருதுகள் கடக்கும் ஆற்றுத்துறை என்பது பொருள்; பின்னதன் பெயர் ஆற்றின்மேல் அமைந்த பாலத்தைக் குறிப்பது. துறையும் பாலமும் மக்களைக் கரையேற்றுவன. அவ்வாறே இவ்விரு நகரங்களிலும் தோன்றிய பல்கலைக்கழகங்கள் பல நூற்றாண்டுகளாக மாணவரை அறியாமையினின்றும் கரையேற்றி வந்துள்ளன. இவற்றுள் எது பெரியது என்னும் வழக்கும் ஏறத்தாழ இவற்றைப் போலவே பழமை வாய்ந்தது.

ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகம் இன்ன நாளில் தோன்றியது என்று அறுதியிட்டுக் கூற இயலாது. 1096ஆம் ஆண்டளவிலேயே அங்குப் பாடஞ்சொல்லுதல் நிகழ்ந்தது என்பதற்குச் சான்று உண்டு. உயர்கல்வியை விரும்பிய ஆங்கில இளைஞர்கள் அந்நாளில் கடல் கடந்து பாரிஸ் மாநகருக்குச் செல்வது வழக்கம். 1167ஆம் ஆண்டில் இரண்டாம் ஹென்றி மன்னர் அவ்வழக்கத்தைத் தடை செய்தார். அதன்பின் இளைஞர் பலர் ஆக்ஸ்போர்டில் வந்து கூடினர். கல்வி நிலையமும் விரைந்து வளர்ந்தது.

மாணவர் பெருகப் பெருக, அவர்களுக்கும் நகர மக்களுக்கும் இடையே பூசல்களும் பெருகின. 1209ஆம் ஆண்டில் நகரப் பெண் ஒருத்தி கொலையுண்டாள். பழி ஒரு மாணவன்மேல் விழுந்தது; அவன் தப்பி ஓடிவிட்டான். சினங்கொண்ட நகரத்தார் அவனோடு ஒரே மனையில் தங்கியிருந்தோரைப் பிடித்துத் தூக்கிலிட்டனர். குற்றமற்றவர் உயிரிழந்தது கண்டு ஆசிரியரும் மாணவரும் அஞ்சி, நகரை விட்டு அகன்றனர். அவருள் ஒரு சாரார் கேம்பிரிட்ஜை அடைந்து அங்கேயே பாடஞ்சொல்லத் தொடங்கினர். சில ஆண்டுகளுக்குப்பின் அமைதி ஏற்பட்டு ஆக்ஸ்போர்டு மீண்டும் தழைத்தது. எனினும், கேம்பிரிட்ஜில் குடியேறியவருள் பலர் திரும்பவில்லை. இங்ஙனம் ஒரு கலைக்கழகத்தின் துன்பமே மற்றொன்றின் பிறப்புக்குக் காரணமாயிற்று. பிற்காலத்தில் ஒன்றோடொன்று போட்டியிட்ட இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது நினைவில் வைக்கத்தக்கது.

இரண்டின் அமைப்பும் ஒன்றே. பல கல்லூரிகள் சேர்ந்த கூட்டமே பல்கலைக்கழகம். பெரும்பாலான கல்லூரிகளுக்குத் தனிச் சொத்தும், தனி நூலகமும், தனி உணவுக் கூடமும், தனி வழிபாட்டிடமும் உண்டு. ஆக்ஸ்போர்டில் பேலியல், மெர்ட்டன் முதலிய கல்லூரிகள் 13ஆம் நூற்றாண்டிலேயே தோன்றின. கேம்பிரிட்ஜின் முதற் கல்லூரியாகிய பீட்டர்ஹவுஸ் 1284ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. மாணவன் ஒருவனோ, இருவர் மூவரோ ஆசிரியர் அறைக்குச் சென்று, தாம் எழுதிய கட்டுரையைப் படித்துக் காட்டி, அவர் எழுப்பும் தடைகளுக்கு விடை கூறிக் கற்பது இரண்டிற்கும் பொதுவான முறை. இவ்விரு பெயர்களையும் இணைத்து 'ஆக்ஸ்பிரிட்ஜ்' என்னும் ஒரு சொல்லைத் தாக்கரே என்னும் நாவலாசிரியர் 19ஆம் நூற்றாண்டில் வழங்கினார். அச்சொல் இன்றும் வழக்கில் உள்ளது.

ஒற்றுமை இத்துணை இருந்தும், 'யார் மூத்தவர்?' என்னும் வினா இரு திறத்தாரையும் நெடுங்காலம் அலைத்தது. 1564ஆம் ஆண்டில் முதலாம் எலிசபெத்து அரசியார் கேம்பிரிட்ஜுக்கு எழுந்தருளியபோது, அவரை வரவேற்றுப் பேசியவர் தம் பல்கலைக்கழகமே மூத்தது என்று முழங்கினார். அரசியார் 1566ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டுக்குச் சென்றார். ஆக்ஸ்போர்டைச் சார்ந்த தாமஸ் கீஸ் என்பவர் கேம்பிரிட்ஜாரின் கூற்றை மறுத்து எழுதினார். அதற்கு மறுப்பாகக் கேம்பிரிட்ஜின் மருத்துவ அறிஞர் ஜான் கீஸ் 1568ஆம் ஆண்டில் நூல் ஒன்று வெளியிட்டார். கான்டபர் என்னும் ஸ்பானிய இளவரசன் கி.மு. 394இலேயே கேம்பிரிட்ஜை நிறுவினான் என்று அந்நூல் சாதித்தது! ஆக்ஸ்போர்டாரோ ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆல்பிரட் மன்னரே தம் கழகத்தைத் தோற்றுவித்தவர் என்றனர். இக்கதையை நம்பி, அங்குள்ள யூனிவர்சிட்டி கல்லூரியினர் 1872ஆம் ஆண்டில் தம் ஆயிரமாவது ஆண்டு விழாவையே கொண்டாடினர். வரலாற்று ஆராய்ச்சியின்முன் இரு கதைகளும் நில்லாது போயின. உண்மையைத் தேடுவதற்கென்றே வாழ்ந்த பேரறிஞர்கூடத் தம் கழகத்தின் பெருமை என்றவுடன் உண்மையை மறந்தனர் என்பதே இதனால் அறியலாவது.

காலப்போக்கில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறையில் சிறப்பெய்தியது. கேம்பிரிட்ஜ் கணிதத்திற்கும் இயற்கை அறிவியலுக்கும் பெயர் பெற்றது. டிரினிட்டிக் கல்லூரியில் பயின்று அங்கேயே பேராசிரியரான ஐசக் நியூட்டன், ஈர்ப்பு விதியை விளக்கும் தம் பெருநூலை 1687ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1874இல் திறக்கப்பெற்ற கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில்தான் 1897இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தார். 1932இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்தார். ஆக்ஸ்போர்டோ மொழி, வரலாறு, அரசியல் ஆகியவற்றிற்குப் பெயர் பெற்றது. ஆங்கில மொழியின் சொற்களையெல்லாம் வரலாற்று முறையில் தொகுத்த மாபெரும் அகராதி 1928ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் நிறைவெய்தியது. பிரிட்டனின் பிரதமர்களுள் ஏறத்தாழ 30 பேர் ஆக்ஸ்போர்டில் பயின்றவர். கேம்பிரிட்ஜில் பயின்றவர் 14 பேர். நோபல் பரிசு பெற்றோரை எண்ணினாலோ கேம்பிரிட்ஜின் கையே ஓங்கும். எந்த அளவுகோலை எடுப்பது என்பதைப் பொறுத்தே வெற்றி தோல்வி அமைகின்றது.

இரு கழகங்களின் போட்டியை உலகறியச் செய்தது படகுப் பந்தயம் ஆகும். சார்லஸ் வேர்ட்ஸ்வொர்த்து, சார்லஸ் மெரிவேல் என்னும் இருவர் ஹாரோ பள்ளியில் ஒன்றாகப் பயின்ற நண்பர்கள். பின்னர் முன்னவர் ஆக்ஸ்போர்டிலும் பின்னவர் கேம்பிரிட்ஜிலும் சேர்ந்தனர். இந்நண்பர்களின் முயற்சியால் 1829ஆம் ஆண்டில் ஹென்லி என்னும் ஊரில் முதற் பந்தயம் நடந்தது, ஆக்ஸ்போர்டு வென்றது. பின்னர்ப் பந்தயம் இலண்டனுக்கு மாறியது. தேம்ஸ் ஆற்றில் பட்னி முதல் மார்ட்லேக் வரை ஏறக்குறைய 6.8 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு படகிலும் துடுப்பு வலிப்போர் எண்மர். திசை நடத்துவோர் ஒருவர். ஆக்ஸ்போர்டுக்குக் கருநீலமும் கேம்பிரிட்ஜுக்கு வெளிர்நீலமும் அடையாள நிறங்கள். 1877இல் இரு படகுகளும் சமமாக முடித்தன என்று தீர்ப்பாயிற்று. 1912இல் பெருங்காற்றினால் இரு படகுகளிலும் நீர் புகுந்தமையால் பந்தயத்தை மறுபடியும் நடத்த நேர்ந்தது. தோற்ற அணியே மறு ஆண்டு வென்ற அணியைப் போட்டிக்கு அழைப்பது இப்பந்தயத்தின் மரபு. தோல்வியை இறுதி என்று கொள்ளாது, மீண்டும் முயல்வதற்குரிய அழைப்பாகக் கொள்ளும் இம்மரபு போற்றத்தக்கது.

ஆயினும், புகழின் ஒளியோடு நிழலும் உண்டு. தமக்குள் போட்டியிட்ட இவ்விரு கழகங்களும் பிறருக்குக் கதவடைப்பதில் ஒத்த மனம் உடையனவாய் இருந்தன. 1333ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டினின்றும் பிரிந்த ஆசிரியர் சிலர் ஸ்டாம்போர்டு என்னும் ஊரில் புதிய கலைக்கழகம் காண முயன்றனர். அரசாணை கொண்டு அம்முயற்சி அடக்கப்பட்டது. ஸ்டாம்போர்டில் பாடஞ்சொல்லுவதில்லை என்று ஆக்ஸ்போர்டில் பட்டம் பெறுவோர் உறுதிமொழி கூறும் வழக்கம் 1827ஆம் ஆண்டு வரை நீடித்தது! ஏறத்தாழ 600 ஆண்டுகள் இங்கிலாந்தில் மூன்றாவது பல்கலைக்கழகம் நிலைபெறவில்லை. இங்கிலாந்துத் திருச்சபையைச் சாராதோர் இவற்றில் பட்டம் பெற இயலாத நிலையும் நெடுங்காலம் இருந்தது. எல்லாச் சமயத்தார்க்கும் இடந்தரும் கல்லூரி ஒன்று 1826இல் இலண்டனில் எழுந்ததற்கு இதுவே காரணம். 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அத்தடை பெரும்பாலும் நீங்கியது.

பெண்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி இன்னும் பெரியது. கேம்பிரிட்ஜில் கர்ட்டன், நியூனம் என்னும் மகளிர் கல்லூரிகளும், ஆக்ஸ்போர்டில் சாமர்வில் முதலிய மகளிர் கல்லூரிகளும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றின. பெண்கள் பாடங் கேட்கலாம், தேர்வும் எழுதலாம். பட்டம் மட்டும் கிடையாது. 1890ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜின் கடினமான கணிதத் தேர்வில் பிலிப்பா பாசெட்டு என்னும் மாணவி ஆடவர் அனைவரினும் மிகுதியான மதிப்பெண் பெற்றார். அவர் 'முதல்வனுக்கும் மேலானவர்' என்று அறிவிக்கப்பட்டார். ஆயினும் பட்டம் வழங்கப்படவில்லை. ஆக்ஸ்போர்டு 1920ஆம் ஆண்டில் பெண்களுக்குப் பட்டமளித்தது. அறிவியலில் முன்னோடி என்று பெயர் பெற்ற கேம்பிரிட்ஜ் 1948ஆம் ஆண்டில்தான் முழு உரிமை வழங்கியது. எல்லாவற்றிலும் போட்டியிட்ட கழகம், நீதி செய்வதில் மட்டும் 28 ஆண்டுகள் பின்தங்கி நின்றது.

இருவரும் கைகோத்த இடத்தில் விளைந்த நன்மைக்குப் பெனிசிலின் சிறந்த சான்றாகும். அலெக்சாண்டர் பிளெமிங் 1928இல் இலண்டனில் அதன் ஆற்றலைக் கண்டார். எனினும், அதனைப் பிரித்தெடுத்து மருந்தாக்க அவரால் இயலவில்லை. அதனைச் செய்து முடித்தவர் ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய பிளோரி, செயின், ஹீட்லி முதலியோர். இம்மூவரும் முன்னர்க் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்றவர்கள்! போர்க்காலம் ஆதலின் தக்க கருவிகள் கிட்டவில்லை. நோயாளிகள் பயன்படுத்தும் மலத்தட்டுகளிலும் அவர்கள் பூஞ்சையை வளர்த்தனர். 1941ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காவலர் ஒருவருக்கு அம்மருந்து செலுத்தப்பட்டது. அவர் உடல்நிலை வியக்கத்தக்க வகையில் தேறியது; ஆனால், மருந்து தீர்ந்தமையால் அவர் இறந்தார். அத்துயரம் அவர்களை மேலும் ஊக்கியது. விரைவில் மருந்து பேரளவில் ஆக்கப்பட்டு எண்ணற்ற உயிர்களைக் காத்தது. பெனிசிலினின் அணு அமைப்பைக் கண்டறிந்து, பின்னர் 1964இல் நோபல் பரிசு பெற்ற டாரதி ஹாட்கின் அம்மையாரும் ஆக்ஸ்போர்டில் பயின்று, கேம்பிரிட்ஜில் ஆராய்ந்து, மீண்டும் ஆக்ஸ்போர்டில் பணியாற்றியவரே. அம்மருந்தால் உயிர் பிழைத்தோர், அதனை ஆக்கியவர் எக்கழகத்தார் என்று வினவியதில்லை.

இவ்விரு கழகங்களுடனும் தமிழகத்திற்கும் தொடர்பு உண்டு. திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் ஆக்கிய ஜி. யு. போப் தம் முதுமையில் ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். திருத்தணிக்கு அருகில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் 1936 முதல் 1952 வரை அங்குக் கீழைச் சமயங்களுக்கும் அறவியலுக்கும் உரிய பேராசிரியராய்த் திகழ்ந்தார். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன், கல்லூரித் தேர்வில் தோற்றவர். சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராய் இருந்தவர். அவர் அனுப்பிய கணிதக் குறிப்புகளைக் கண்ட ஹார்டி, பட்டம் என்ன என்று பாராது, அறிவு எத்தகையது என்று பார்த்தார். 1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற இராமானுஜன் 1918இல் டிரினிட்டிக் கல்லூரியின் ஆய்வுறுப்பினரானார். கதவைத் திறந்தமையால் பெருமை பெற்றது அக்கல்லூரியே எனலாம்.

ஆக்ஸ்போர்டில் உள்ளோர் கேம்பிரிட்ஜைப் பெயர் சொல்லாது 'அந்த மற்றோர் இடம்' என்று குறிப்பர்; கேம்பிரிட்ஜில் உள்ளோரும் ஆக்ஸ்போர்டை அவ்வாறே குறிப்பர். இது வெறும் விளையாட்டுப் பகை. ஏனெனில், ஒன்றின் கல்லூரிகள் மற்றதன் கல்லூரிகளோடு உடன்பிறப்பு உறவு பூண்டுள்ளன. ஒன்றில் கற்றவர் மற்றதில் கற்பிக்கின்றனர். போட்டி வேறு, பொறாமை வேறு. பிறர் உயரக் கண்டு தானும் உயர முயல்வது போட்டி. பிறர் உயராமல் தடுக்க முயல்வது பொறாமை. படகுப் பந்தயமும் ஆய்வுக்கூடமும் முன்னதற்குச் சான்று. ஸ்டாம்போர்டு உறுதிமொழியும், மகளிர்க்கு மறுக்கப்பட்ட பட்டமும் பின்னதற்குச் சான்று. ஒரு கல்வி நிலையத்தின் சிறப்பை அதன் வயதைக் கொண்டோ, கட்டடங்களின் உயரத்தைக் கொண்டோ அளத்தல் பொருந்தாது. அது எத்தனை பேருக்குக் கதவைத் திறந்தது, அங்குக் கற்றவர் உலகிற்கு என்ன தந்தனர் என்பவையே உண்மையான அளவுகோல்கள். அவ்வளவுகோலை ஏற்குமாயின், எச்சிற்றூர்ப் பள்ளியும் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களோடு ஒத்த பெருமையை அடைதல் கூடும்.

வினாக்கள்

1. கேம்பிரிட்ஜுப் பல்கலைக்கழகம் தோன்றிய வரலாற்றை எழுதுக.
2. இரு கழகத்தாரும் தம் பழமையை நிலைநாட்டக் கூறிய கதைகள் யாவை? அவற்றால் அறியப்படுவது யாது?
3. படகுப் பந்தயத்தின் மரபுகளை விளக்குக.
4. பெனிசிலின் ஆக்கப்பட்ட வரலாறு இப்பாடத்தின் கருத்தை எங்ஙனம் வலியுறுத்துகின்றது?
5. போட்டிக்கும் பொறாமைக்கும் உள்ள வேறுபாட்டைத் தக்க சான்றுகளுடன் ஒரு பக்க அளவில் எழுதுக.