இணையதளமும் விளம்பர வருவாயும்

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவி)

விளம்பரம் என்றவுடன் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது சினிமாச் சுவரொட்டியே. எனக்கோ அது சோற்றோடு கலந்த நினைவு. என் தந்தையார் சுவரொட்டி ஒட்டும் தொழிலாளி. அந்த வருமானத்தில்தான் எங்கள் குடும்பத்திலிருந்து முதன்முதலாக ஒருத்தி கல்லூரிப் படியேறியிருக்கிறாள்.

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் கணக்குகளுக்குத் தமிழில் விளக்கம் எழுதி, ஓராண்டாக ஒரு சிறிய இணையதளம் நடத்தி வருகிறேன். தேர்வுக் கட்டணத்திற்காவது உதவும் என்று அதில் விளம்பரம் சேர்த்தேன். அவ்வனுபவத்தில் கற்றதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் சிறிது வரலாறு. 1994 அக்டோபரில், அமெரிக்காவின் 'ஹாட்வயர்டு' என்னும் இணைய இதழில் ஏ.டி. அண்டு டி. தொலைபேசி நிறுவனம் 468 பிக்சல் அகலமும் 60 பிக்சல் உயரமும் கொண்ட பட்டை விளம்பரம் ஒன்றை வெளியிட்டது. பார்த்தவர்களில் 100க்கு 44 பேர் அதைச் சொடுக்கினராம்! இன்றோ 100 பேரில் ஒருவர் சொடுக்கினாலே பெரிது. கூகுளின் 'ஆட்சென்ஸ்' 2003இல் தொடங்கியது. தமிழ்ப் பக்கங்களை அது ஏற்றுக்கொண்டது 2018இல்தான்.

இன்று விளம்பர இடம் ஏலத்தில் விற்கப்படுகிறது. நாம் ஒரு பக்கத்தைத் திறந்து அது கண்ணுக்குத் தெரிவதற்குள், கணிப்பொறிகள் தமக்குள் விலை கேட்டு முடித்துவிடுகின்றன. மாத வருவாயைப் பக்கப் பார்வைகளால் வகுத்து 1000ஆல் பெருக்கினால் கிடைப்பதே நம் தளத்தின் மதிப்பு. 5000 பார்வைக்கு 200 ரூபாய் வந்ததாகக் கொண்டால், ஆயிரத்துக்கு 40 ரூபாய். இதை எப்படி உயர்த்துவது?

விளம்பரத்தைக் கூட்டினால் வருவாய் கூடும் என்று நானும் நினைத்தேன். ஒரே பக்கத்தில் ஏழு விளம்பரங்களை வைத்தேன். முதல் வாரம் சற்று ஏறியது. பிறகு இறங்கத் தொடங்கியது. முன்பு மூன்று கணக்குகளைப் பார்த்துச் சென்ற மாணவர்கள் ஒன்றோடு ஓடினர். பக்கம் திறக்கத் தாமதமாகும். படித்துக்கொண்டிருக்கும் வரியை, பிந்தி வரும் விளம்பரம் கீழே தள்ளிவிடும். எனக்கே எரிச்சல் வந்தது என்றால் பிறரைக் கேட்பானேன்?

இதை வீட்டில் சொல்லி வருந்தியபோது, பசை வாளியைக் கழுவிக்கொண்டிருந்த அப்பா சொன்னார்: "ரோட்டோரம் நூறு ஒட்டினாலும் பஸ்ஸுல போறவன் படிக்கமாட்டான் கண்ணு. டீக்கடைக்கு எதுத்தாப்புல ஒண்ணு ஒட்டு, நாலு பேரு நின்னு படிப்பாங்க."

பின்னர்ப் படித்துப் பார்த்தால், விளம்பர உலகின் அளவுகோலும் ஏறத்தாழ அதுவேதான்! ஒரு காட்சி விளம்பரத்தின் பரப்பில் பாதியேனும், தொடர்ந்து ஒரு விநாடியேனும் திரையில் தெரிந்தால்தான் அது 'காணத்தக்கது' என்று கணக்கில் சேரும். ஓர் இடம் அடிக்கடி கண்ணில் படுகிறது என்று தெரிந்தால் ஏலம் கேட்பவர்கள் கூடுதல் விலை தருவார்கள். யாரும் வந்து சேராத அடிப்பகுதியில் நான் வைத்திருந்த மூன்று விளம்பரங்கள், நல்ல இடங்களின் மதிப்பையும் சேர்த்தே குறைத்திருக்கின்றன.

என் பக்கத்தில் டீக்கடை எது? கணக்கிற்கும் விடைக்கும் இடைப்பட்ட இடம்! வினாவைப் படித்த மாணவன் தாளை எடுத்துப் போட்டுப் பார்ப்பது அங்கேதான். அங்கு 300க்கு 250 அளவில் ஒன்று வைத்தேன். அதற்குரிய வெற்றிடத்தை முன்கூட்டியே ஒதுக்கியதால் வரிகள் குதிப்பது நின்றது. மொத்தம் மூன்று மட்டும் வைத்துக்கொண்டு, கீழே உள்ளது வாசகர் நெருங்கும்போது மட்டும் வருமாறு செய்தேன். இரண்டு மாதங்களில் வருவாய், ஏழு இருந்த காலத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் 'விடை காண்க' என்ற பொத்தானை ஒட்டி விளம்பரம் வைக்கக்கூடாது. கைதவறிச் சொடுக்குவார்கள், அது விதிமீறல்.

சொடுக்கு என்றதும் ஒரு வேடிக்கை. என் மீதுள்ள அன்பால் தோழியர் சிலர் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து என் விளம்பரங்களைச் சொடுக்கித் தள்ளினர். மாத முடிவில் விளம்பர நிறுவனம் அத்தொகையைக் கழித்துவிட்டது. கணக்கையே மூடியிருக்கவும் கூடும். இவ்வாறு உதவ எண்ணும் நண்பர்களை அருள்கூர்ந்து தடுத்துவிடுங்கள்! தவிரவும், ஆட்சென்சில் 2024இலிருந்து சொடுக்குக்கு அன்றிப் பார்வைக்கே பணம் கணக்கிடப்படுகிறது.

இன்னும் சில. விளம்பர இடத்தை விற்க உரிமையுள்ளவர் யார் என்று கூறும் 'ஆட்ஸ்.டிஎக்ஸ்டி' என்னும் சிறு கோப்பைத் தளத்தில் வைக்கவேண்டும். இல்லையேல் சிலர் ஏலத்திற்கே வரமாட்டார்கள். தீபாவளி முதல் டிசம்பர் வரை விலை ஏறி, சனவரியில் இறங்கும். அப்போது பதறி மாற்றங்கள் செய்யவேண்டாம். தமிழ்ப் பக்கங்களுக்கு ஆங்கிலத்தைவிட விலை குறைவு என்பது உண்மையே. கேட்பவர் குறைவு. ஆயினும் மின்னோட்டக் கணக்கைத் தமிழில் தேடும் மாணவனுக்கு என் பக்கத்தை விட்டால் வேறு பக்கங்கள் அதிகமில்லை. அவன் நின்று படிக்கிறான்.

வருவாய் பத்து டாலரைத் தொட்டபோது, முகவரியைச் சரிபார்க்கும் எண் கொண்ட கடிதம் அஞ்சலில் வந்தது. அப்பா அதைச் சாமி படத்தின் பின்னால் செருகி வைத்திருக்கிறார். நூறு டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்குப் பணம் வரும். இதை எழுதும்போது அறுபத்திரண்டில் நிற்கிறது.