பயிற்சியாளர் மாறும்போது குவார்ட்டர்பேக்குக்கு நேர்வது



அமெரிக்கப் பல்கலைக்கழகக் கால்பந்தில் தலைமைப் பயிற்சியாளர்கள் நீக்கப்படும் செய்தி ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர்காலம் முழுவதும் வந்துகொண்டே இருக்கும். நீக்கப்பட்டவரின் ஊதியமும், ஒப்பந்தம் முடியுமுன் அனுப்பியதற்காகப் பல்கலைக்கழகம் தர வேண்டிய இழப்பீடும், அவர் இடத்துக்கு அடிபடும் பெயர்களும் அச்செய்திகளில் விரிவாக இருக்குமே தவிர, அந்த மாற்றம் ஆடுகளத்தில் யாருடைய வேலையை எப்படி மாற்றப்போகிறது என்பது பெரும்பாலும் இருக்காது. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷரை அனுப்பியபோது அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை ஏழரைக் கோடி டாலரைத் தாண்டியது என்பதைக் கால்பந்து பார்க்காதவர்கள்கூட அறிவார்கள். ஆட்டத்தைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் கவனிக்க வேண்டியவர் வேறொருவர், அவர் குவார்ட்டர்பேக்.

இந்த ஆட்டத்தில் அணிக்குப் பதினொரு பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் தரப்படும். அவற்றுக்குள் பத்து கெஜம் முன்னேறிவிட்டால் மீண்டும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். முன்வரிசையின் நடுவில் குனிந்திருப்பவர் பந்தைத் தம் கால்களுக்கிடையே பின்னால் அனுப்புவதோடு ஒவ்வொரு வாய்ப்பும் தொடங்குகிறது. இதற்கு ஸ்நாப் என்று பெயர். அந்தப் பந்தை வாங்கும் குவார்ட்டர்பேக் அதைப் பக்கத்தில் நிற்கும் ஓட்டக்காரரிடம் கொடுக்கலாம், தாமே தூக்கிக்கொண்டு ஓடலாம், தொலைவில் ஓடுகிறவருக்கு எறியலாம். மூன்றில் எதைச் செய்வது, அதை எப்போது முடிவு செய்வது, எதிரணியில் யாரைப் பார்த்து முடிவு செய்வது என்பதற்குப் பயிற்சியாளர்கள் ஒவ்வொருவரும் தனித்தனி விடை வைத்திருக்கிறார்கள். ஆகையால் பயிற்சியாளர் மாறினால் மற்றவர்களுக்குப் பாடம் மாறுகிறது, குவார்ட்டர்பேக்குக்கோ தொழிலே மாறிவிடுகிறது. குவார்ட்டர்பேக் ஆட்டம் நூறாண்டுகளில் எப்படி வளர்ந்தது என்ற வரலாற்றைப் பயிற்சியாளர் மாற்றங்களின் வரலாறாகவே வாசித்துவிட முடிவது இதனால்தான்.

பந்தை முன்னோக்கி எறிவது 1906 வரை விதிக்கு முரணானது. முந்தைய பருவத்தில் ஆட்டக்காரர்கள் பலர் உயிரிழந்ததையும், குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டே பல்கலைக்கழகப் பிரதிநிதிகளை அழைத்துப் பேசியதையும் தொடர்ந்து அவ்விதி தளர்த்தப்பட்டது. அதன் பிறகும் நெடுங்காலம் குவார்ட்டர்பேக் எறிபவராக இல்லை. சிங்கிள் விங் என்ற அக்கால அணிவகுப்பில் ஸ்நாப் நேராகப் பின்னால் நிற்கும் டெயில்பேக்குக்குப் போய்விடும். குவார்ட்டர்பேக் எதிராளியை மோதித் தடுப்பதையே முதன்மைப் பணியாகக் கொண்டிருந்தார்.

அந்த நிலையைப் புரட்டியது ஒரு பயிற்சியாளர் மாற்றம். சிகாகோ பல்கலைக்கழகம் 1939 பருவத்தோடு கால்பந்தையே கைவிட்டதால் வேலையிழந்த கிளார்க் ஷானஸி, அதே பருவத்தில் ஒரே ஓர் ஆட்டத்தில் வென்று ஏழில் தோற்றிருந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு 1940-இல் வந்து சேர்ந்தார். தோற்ற அணியும் தோற்ற பயிற்சியாளரும் கூடியதாகவே பலர் அதைப் பார்த்தார்கள். அவர் கையோடு கொண்டுவந்தது டி அணிவகுப்பு. இதில் குவார்ட்டர்பேக் பந்தை அனுப்பும் நடு ஆட்டக்காரரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டி நின்று, ஸ்நாப்பைக் கையோடு கையாக வாங்கி, எதிரணிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பந்து யாரிடம் போகிறது என்பதை மறைத்துக் கொடுப்பார் அல்லது கொடுப்பதுபோல் காட்டிவிட்டு எறிவார். முந்தைய ஆண்டு டெயில்பேக்காகத் திணறிய ஃபிராங்கி ஆல்பர்ட் என்ற இடக்கை இளைஞருக்கு வேகம் போதாது, உடற்கட்டும் போதாது. ஆனால் கைத்திறனும் ஏமாற்றும் சாமர்த்தியமும் நிறைய இருந்தன. பழைய வேலையில் குறையாக இருந்தவை புதிய வேலையில் பொருட்டாகவே இல்லை. ஸ்டான்ஃபோர்டு அந்தப் பருவத்தில் ஒரு தோல்வியும் காணாமல், 1941 புத்தாண்டு நாளில் ரோஸ் பவுல் ஆட்டத்தில் நெப்ராஸ்காவை 21–13 என்று வென்று முடித்தது. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் பழையவர்களே.

அடுத்த முப்பது ஆண்டுகளில் ஆட்டம் ஓட்டத்தின் பக்கம் சாய்ந்தது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் 1968-இல் டாரல் ராயலின் உதவியாளர் எமரி பெல்லார்ட் வகுத்த விஷ்போன் முறையில் குவார்ட்டர்பேக் பந்தை நடுவில் கொடுப்பதா, தாமே வைத்துக்கொள்வதா, பக்கவாட்டில் ஓடிவருபவருக்குத் தட்டிவிடுவதா என்று ஓடிக்கொண்டே தீர்மானிப்பார். டெக்சஸ் அம்முறையால் தொடர்ந்து முப்பது ஆட்டங்களை வென்றது. இதே முறையை எடுத்துக்கொண்ட ஓக்லஹோமா, பாரி ஸ்விட்சரின் காலத்தில் மூன்று முறை தேசிய வாகையர் ஆனது. எறிதலை நம்பியவர்கள் அப்போது ஓரத்தில் இருந்தார்கள். யூட்டா மாநிலத்தின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் லவெல் எட்வர்ட்ஸ் 1972 முதல் நடத்திவந்த எறிபந்துப் பள்ளியே அவர்களுக்குத் தாய்வீடு.

அந்தப் பள்ளியின் ஆட்டத்தை ஊன்றிக் கற்ற ஹால் மம்மி, 1989-இல் அயோவா வெஸ்லியன் என்ற சிறு கல்லூரிக்குப் பொறுப்பேற்று, சட்டம் படித்தவரும் கல்லூரிக் கால்பந்து ஆடியே இராதவருமான மைக் லீச்சைத் துணைக்கு வைத்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து உருவாக்கிய ஏர் ரெய்டு முறையின் சிறப்பு அதன் சிக்கனம். மற்ற அணிகளின் ஆட்டக் கையேடுகள் தடித்துக்கொண்டே போக, இவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சில ஆட்டங்களை மட்டும் வைத்து, அவற்றையே பல அணிவகுப்புகளிலிருந்து, நாள்தோறும், கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழக்கினார்கள். குறைவாகக் கற்ற குவார்ட்டர்பேக் விரைவாக எறிந்தார். இம்முறை கென்டக்கி பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, புளோரிடாவின் தடுப்பாட்டத்தைப் பொறுப்பேற்று நடத்திவந்த பாப் ஸ்டூப்ஸ் அதை எதிர்த்துத் திட்டமிடுவது எவ்வளவு கடினம் என்பதைக் கண்டுகொண்டார். 1999-இல் ஓக்லஹோமாவுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனதும் லீச்சைத் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக, அதாவது பந்து தம் அணியிடம் இருக்கும்போது ஆட வேண்டியதை வகுத்துச் சொல்பவராக, அமர்த்தினார். விஷ்போனின் கோட்டையில் எறிபந்து குடியேறியது. யூட்டாவின் ஈராண்டுக் கல்லூரி ஒன்றிலிருந்து ஜாஷ் ஹைப்பல் என்ற குவார்ட்டர்பேக்கை அழைத்துவந்தார்கள், இவரும் இடக்கையர். லீச் ஓராண்டிலேயே டெக்சஸ் டெக்குக்குப் போய்விட்டாலும் முறை தங்கிவிட்டது. 1998-இல் ஐந்து வெற்றி மட்டும் கண்ட ஓக்லஹோமா 2000-இல் பதின்மூன்று ஆட்டங்களையும் வென்று தேசிய வாகையர் ஆனது.

வேறொரு மூலையில், மேற்கு வர்ஜீனியாவின் கிளென்வில் ஸ்டேட் கல்லூரியில், ரிச் ராட்ரிகெஸ் 1990களின் தொடக்கத்தில் ஸோன் ரீட் என்னும் ஆட்டத்தை வளர்த்துக்கொண்டிருந்தார். அதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. குவார்ட்டர்பேக் பந்தை அனுப்பும் நடு ஆட்டக்காரருக்கு நான்கைந்து கெஜம் பின்னால் நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில் ஓட்டக்காரர். ஸ்நாப் ஆனதும் முன்வரிசையின் ஐவரும் ஒரே திசையில் நகர்ந்து எதிராளிகளை மறிக்கிறார்கள். மறுபக்க ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்ட் என்ற தடுப்பாளரை மட்டும் வேண்டுமென்றே தொடாமல் விட்டுவிடுகிறார்கள். ஓட்டக்காரரின் வயிற்றருகே பந்தை நீட்டியபடி, பிடியை விடாமல், குவார்ட்டர்பேக் அந்த ஒருவரின் தோள்களைப் பார்க்கிறார். ஓட்டக்காரரைத் துரத்தி அவர் உட்பக்கம் திரும்பினால், பந்தை உருவிக்கொண்டு அவர் விட்டுவந்த இடத்தின் வழியே குவார்ட்டர்பேக்கே ஓடுகிறார். அந்தத் தடுப்பாளர் இடத்தை விட்டு அசையாதிருந்தால் பந்தை ஓட்டக்காரரிடம் விட்டுவிடுகிறார். எல்லாம் ஒரு நொடிக்குள். குவார்ட்டர்பேக் ஓடமாட்டார் என்ற நம்பிக்கையால் தடுப்பணிக்கு எப்போதும் ஓர் ஆள் மிச்சமிருந்தது. அந்த மிச்சத்தை இந்த ஆட்டம் கழித்துவிட்டது.

மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பாட் ஒயிட் என்ற விரைவோட்டக் குவார்ட்டர்பேக்கைக் கொண்டு இதில் பெரும்பெயர் பெற்ற ராட்ரிகெஸை, லாய்டு கார் ஓய்வுபெற்றதும் மிச்சிகன் பல்கலைக்கழகம் 2007 டிசம்பரில் அமர்த்தியது. முன்னிருந்த ஒப்பந்தத்தை முறித்ததற்காக 40 லட்சம் டாலர் செலுத்தவேண்டி வந்தது. மிச்சிகனில் காத்திருந்த ரயன் மாலெட் ஆறரை அடி உயரமும் பீரங்கிபோன்ற கையும் கொண்டவர்; பின்னடி வைத்து நின்று, எறியத்தக்கவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, தொலைவுக்கு எறியும் பழைய முறைக்கென்றே வளர்ந்தவர். ஓடுவது அவருக்கு வராது. அவர் ஆர்கன்சாஸுக்குப் போனார். அக்கால விதிப்படி 2008 முழுவதும் ஆடாமல் உட்கார்ந்திருந்து, பிறகு அங்கே சிறந்து விளங்கினார். மிச்சிகனில் எஞ்சியிருந்தவர்களிடம் தோள்களைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கமும் இல்லை, முடிவெடுத்தபின் ஓடும் கால்களும் இல்லை. அணி மூன்று ஆட்டங்களில் வென்று ஒன்பதில் தோற்றது. தொடர்ந்து முப்பத்துமூன்று பருவங்கள் பருவ இறுதிச் சிறப்பாட்டத்துக்குத் தகுதிபெற்று வந்த வரிசை அறுந்தது.

பயிற்சியாளர் தம் முறைக்கேற்ற ஆளைத் தேடிப் பிடிக்கும்வரை நிர்வாகம் பொறுத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இங்கே சொல்லத் தோன்றும். நடந்தது அவ்வளவு எளிதன்று. புளோரிடாவிலிருந்து வந்த டெனார்ட் ராபின்சன் 2010-இல் ஓடி 1,702 கெஜமும் எறிந்து 2,570 கெஜமும் சேர்த்தார். ராட்ரிகெஸின் முறை முழுமை பெற்றது அந்த ஆண்டில்தான். ஆயினும் தடுப்பாட்டம் நாட்டின் மிகப் பலவீனமானவற்றுள் ஒன்றாக இருந்ததால் ஏழு வெற்றி, ஆறு தோல்வியோடு பருவம் முடிய, 2011 ஜனவரியில் அவர் நீக்கப்பட்டார். பின்வந்த பிரேடி ஹோக் முதல் ஆண்டிலேயே பதினொரு வெற்றி பெற்றபோது புகழ் புதிய பயிற்சியாளருக்குப் போனது, திருந்தியிருந்தது தடுப்பாட்டம். பழைய பாணி எறிதலுக்குத் திருப்பப்பட்ட ராபின்சனின் எறிகளில் பதினைந்தை எதிரணியினர் பிடித்துக்கொண்டார்கள். வெற்றி-தோல்விக் கணக்கை மட்டும் பார்த்துப் பயிற்சியாளரை எடைபோடும் விளையாட்டுச் செய்தியாளர்கள் இந்தக் கதையைத் திரும்பப் படிப்பது தகும்.

எறிதலும் ஓட்டமும் பிறகு ஒன்றாகிவிட்டன. ஆர்.பி.ஓ. எனப்படும் ஆட்டத்தில் ஓட்டக்காரருக்குக் கொடுப்பதா எறிவதா என்பதே ஸ்நாப்புக்குப் பின் ஒரு தடுப்பாளரைப் பார்த்து முடிவாகிறது. எறியப்போகும் ஆட்டத்திலும் முன்வரிசையினர் மூன்று கெஜம்வரை முன்னேறலாம் என்ற கல்லூரி விதி அதற்கு இடம் தருகிறது. தொழில்முறை ஆட்டத்தில் அந்த வரம்பு ஒரு கெஜம்தான். லீச்சிடம் டெக்சஸ் டெக்கில் பயின்ற லிங்கன் ரைலி, ஏர் ரெய்டின் எறிதலோடு இத்தகைய ஓட்டங்களைப் பிணைத்து ஓக்லஹோமாவில் பேக்கர் மேஃபீல்டு, கைலர் மர்ரே என்ற இருவரை அடுத்தடுத்து, 2017-இலும் 2018-இலும், நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதுக்கு உரியவர்களாக்கினார். இருவருமே வேறு பல்கலைக்கழகத்தில் தொடங்கி அங்கே வந்தவர்கள் என்பதும், வந்த ஆண்டில் இருவரும் ஆட முடியாமல் காத்திருந்தார்கள் என்பதும் கவனிக்கத்தக்கவை.

அந்தக் காத்திருப்பு இப்போது இல்லை. இடம் மாற விரும்புவோர் பெயரைப் பதிந்துகொள்ளும் டிரான்ஸ்பர் போர்ட்டல் 2018-இல் தொடங்கியது. 2021-இல் ஒருமுறை மாறுவோருக்கு ஓராண்டுத் தடை நீங்கியது. அதே ஆண்டு ஜூலை முதல் ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் பிறர் பயன்படுத்துவதற்குப் பணம் பெறலாயினர். ரைலி 2021 நவம்பரில் தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது ஓக்லஹோமாவின் குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸும் அவர் பின்னால் சென்று, அடுத்த ஆண்டே ஹைஸ்மன் பெற்றார். மாலெட் ஒரு பருவத்தை இழந்த இடத்தில் வில்லியம்ஸ் ஒரு நாளையும் இழக்கவில்லை. தொழில் மாறுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் குவார்ட்டர்பேக்குக்கு நீங்கியது. புதிய பயிற்சியாளருக்கும் பொருந்தாத ஆளை வைத்துத் திணறவேண்டிய கட்டாயம் நீங்கியது. பயிற்சியாளருக்குச் சாக்கு ஒன்று குறைந்துபோனதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: மூன்றாண்டு பொறுங்கள் என்று இன்று யாரும் கேட்க முடிவதில்லை.

எந்த அளவுக்கு என்பதற்கு 2025 பருவம் சான்று. ஓக்லஹோமாவில் குவார்ட்டர்பேக்காக இருந்த ஹைப்பல் இப்போது டென்னசி பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர். அவரிடம் ஆடிய குவார்ட்டர்பேக் நிக்கோ இயாமலியாவா ஏப்ரலில் விலகி லாஸ் ஏஞ்சலிஸின் யூ.சி.எல்.ஏ. அணிக்குச் சென்றார், அவரைச் சேர்த்துக்கொண்ட பயிற்சியாளர் டிஷான் ஃபாஸ்டர் மூன்று தோல்விகளிலேயே நீக்கப்பட்டார், நான்காவதும் தோல்வியானபின் தாக்குதல் ஒருங்கிணைப்பாளரும் போனார். அவர் வேலை, அதே பல்கலைக்கழகத்தில் முன்பு குவார்ட்டர்பேக்காக இருந்த ஜெர்ரி நியூஹைசலுக்கு வந்தபோது, நாட்டின் தரவரிசையில் ஏழாம் இடத்தில் இருந்த பென் ஸ்டேட்டை எதிர்கொள்ளச் சில நாள்களே இருந்தன. அவருக்குப் புதிய கையேடு எதுவும் எழுத நேரமில்லை. இயாமலியாவாவை நிறைய ஓடவிட்டார். அக்டோபர் 4 அன்று இயாமலியாவா 128 கெஜம் ஓடி, பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்க்கும் டச்டவுன்கள் மூன்றும், எறிந்து இரண்டும் பெற, யூ.சி.எல்.ஏ. 42–37 என்று வென்றது. பென் ஸ்டேட் அடுத்த சனிக்கிழமை சொந்த ஊரில் நார்த்வெஸ்டர்னிடமும் தோற்றது. அந்த ஆட்டத்தில் காயமுற்ற அதன் குவார்ட்டர்பேக் ட்ரூ அலாருக்குப் பருவம் அத்துடன் முடிந்தது. பயிற்சியாளர் ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நீக்கப்பட்டார்.